சந்தனம் வைத்த பிளாப்பிகள்

விஜயதசமி காலை. ஹாலில் மறுபூஜை முடிந்து கம்ப்யூட்டர் அறைக் கதவைத் திறந்தபோது காலடியில் பொரி நொறுங்கியது. முந்தின நாள் யார் காலிலோ ஒட்டிக்கொண்டு வந்த பொரி. வெளியே மழை வருவேன் வருவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தது. அறைக்குள் சந்தன வாசனையும் பூட்டிக் கிடந்த அறையின் புழுக்கமும்.

மும்தாஜ் முதல் கம்ப்யூட்டரின் நீலத் துணி உறையைக் கழற்றி, நாலாக மடித்து வைத்துவிட்டு, பிளாப்பியைச் செருகினாள். பத்தாம் வகுப்புப் பெண். எந்த வேலையையும் மடிப்புக் கலையாமல் செய்வாள்.

கர்ர்ரென்று ஒரு சத்தம். வழக்கமான சத்தம் இல்லை. பல்லில் மணல் அகப்பட்டது போல இருந்தது. திரையில் பச்சை எழுத்தில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. இந்த டிஸ்க் ஆகாது, வேறு போடு என்பது அதன் சாரம்.

"இன்னா மிஸ் இது?" என்றாள் மும்தாஜ்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன்.

கணக்கு டீச்சர் கம்ப்யூட்டர் மிஸ் ஆனது

அதற்குமுன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கபாலீஸ்வரர் கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். பள்ளியின் பெயர் வேண்டாம், இப்போது அது அங்கே இல்லை. பழைய மாணவி ஒருத்தியின் கணவர் தன் அலுவலகத்தில் கழித்துக் கட்டிய நாலு கம்ப்யூட்டர்களை எங்களுக்குத் தானம் செய்தார். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது அல்லவா? பார்க்கவில்லை.

"நீங்க கணக்கு டீச்சர்தானே, நீங்களே கத்துண்டு வந்துடுங்கோ" என்றார் எங்கள் தலைமையாசிரியை அலமேலு டீச்சர். சாம்பாருக்குப் பருப்பு வேக வைக்கச் சொல்வது மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

தி. நகரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் சென்டர். சாயங்காலம் அங்கே போய்ப் படித்தேன். கீழே எவர்சில்வர் அண்டா உருளும் சத்தத்தோடுதான் நான் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் அண்டா சத்தம் கேட்டால் எனக்கு அந்த மாடிதான் ஞாபகம் வருகிறது.

எங்கள் கம்ப்யூட்டர்களுக்குச் சொந்தமாக ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு முறை போடும்போதும் ஒரு பிளாப்பியைக் கொடுத்தால்தான், தான் ஒரு கம்ப்யூட்டர் என்பதே அதற்கு நினைவு வரும். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய, தொட்டால் வளையும் கறுப்புச் சதுரம். உள்ளே ஒரு வட்டத் தகடு. அந்தச் சதுரத்தில் ஓர் ஓரமாக நீள்வட்டமாய்த் திறப்பு இருக்கும். மிஷின் அந்தத் திறப்பு வழியாகத்தான் தகட்டைத் தொட்டுப் படிக்கும். நாம் அங்கே விரல் வைக்கக் கூடாது.

அலமேலு டீச்சர் கம்ப்யூட்டரை நடத்திய விதம் தனி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டருக்கு வைரஸ் வரும் என்று பேப்பரில் படித்துவிட்டார். அதிலிருந்து ஜலதோஷம் பிடித்த பெண்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு கிடையாது. நான் எவ்வளவோ விளக்கிப் பார்த்தேன்.

"இருக்கட்டும்மா. தும்மாம இருந்தா நஷ்டமா?" என்றார்.

மூக்கு உறிஞ்சுகிற பெண்களை நானே வாசலில் பிரித்து நிறுத்தினேன்.

பாவாடை கட்டிய கம்ப்யூட்டர்

அந்த நீல உறைகளைத் தைத்தவர் மும்தாஜின் அப்பா கரீம் பாய். லஸ் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே தையல் மிஷின் போட்டிருந்தார். எங்கள் பள்ளி யூனிஃபார்ம் எல்லாம் அவர் கைவேலை. மிஞ்சிய பாவாடைத் துணியில், ஓரத்துக்கு வெள்ளை நாடா வைத்து, நாலு உறை தைத்துக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டர்களும் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வருகின்றன என்று பெண்கள் சிரித்தார்கள்.

"அளவு கரெக்டா கீதா பாரு டீச்சர்மா. பின்னாடி ஒயருக்கு கேப் வுட்டுகீறேன்" என்று சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார் பாய்.

நாலு கம்ப்யூட்டர், அறுபது பெண்கள். ஒரு பெண் விசைப்பலகையைத் தொடுவதற்குள் மணி அடித்துவிடும். அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வகுப்பையே கம்ப்யூட்டர் ஆக்கினேன்.

எண்களில் எது பெரியது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு பெண்ணின் கையிலும் ஓர் அட்டை, அதில் ஓர் எண். ஒருத்திக்குப் பெயர் 'பெட்டி'. அதுவரை வந்ததில் பெரிய எண்ணை அவள் பிடித்துக்கொண்டு நிற்பாள். வாசற்படியில் ஒருத்தி நிற்பாள், அவள் பெயர் 'இஃப்'. வருகிறவளிடம் "உன் நம்பர் பெட்டியைவிட பெருசா?" என்று கேட்பாள். பெரிது என்றால் பெட்டியிடம் போய் அட்டையை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லை என்றால் வராந்தாவுக்கு வெளியே போக வேண்டும்.

இஃப் வேலைக்கு யார் யாரையோ போட்டுப் பார்த்தேன். தோழி என்றால் விட்டுவிடுவார்கள், சண்டை என்றால் துரத்துவார்கள். மும்தாஜ் ஒருத்திதான் யாராக இருந்தாலும் அட்டையை மட்டும் பார்த்தாள். "எண் சமமா இருந்தா இன்னா பண்றது மிஸ்? நீங்க அத சொல்லவே இல்லியே?" என்று கேட்டவளும் அவள்தான். அன்றிலிருந்து அவள் 'இஃப் மும்தாஜ்' ஆனாள்.

எங்கள் பள்ளி பத்தாவதோடு முடிந்துவிடும். மேலே படிக்கிற பெண்கள் வேறு பள்ளிக்குப் போக வேண்டும். பாதிப் பெண்கள் போக மாட்டார்கள், வீட்டோடு நின்றுவிடுவார்கள். அதனால் பிளஸ் ஒன் தொடங்க அனுமதி கேட்டிருந்தோம், கம்ப்யூட்டர் பிரிவோடு. அதைப் பார்க்கத்தான் அந்த இன்ஸ்பெக்‌ஷன்.

மும்தாஜ் விஷயத்தில் அது வெறும் அனுமதி இல்லை. "இதே ஸ்கூல்ல மேல வச்சாங்கன்னா படிக்கட்டும். வெளிய வேணாம்னு வூட்ல சொல்லிட்டாங்க" என்று கரீம் பாய் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார். அவளுக்கும் அது தெரியும். இன்ஸ்பெக்‌ஷன் தேதி சொன்ன நாளிலிருந்து அவள் அந்த அறையைப் பெருக்குவதை வேறு யாருக்கும் விடவில்லை.

ஒன்றையும் விடக் கூடாது

நம் ஊரில் ஆயுத பூஜைக்கு ஒரு கண்டிப்பு உண்டு. வீட்டில் இருக்கிற அரிவாள்மணை, சுத்தியல், கத்தரிக்கோல் எல்லாமே பூஜைக்கு வந்தாக வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் அதற்கு மனத்தாங்கல். அன்றைக்கு எதையும் தொட்டு வேலை செய்யக் கூடாது. மறுநாள் மறுபூஜை செய்துதான் எடுக்க வேண்டும். என் வீட்டில் நானே பாக்குவெட்டியைத் தேடி எடுத்து வைக்கிறவள்.

கம்ப்யூட்டரில் வேறு ஒரு கண்டிப்பு உண்டு. எதற்கும் நகல் எடுத்து, நகலை வேறு இடத்தில் வைக்க வேண்டும். அதன்படி எங்கள் பிளாப்பிகளுக்கு மூன்று ஜோடி வைத்திருந்தேன். ஒன்று கம்ப்யூட்டர் அறையில், ஒன்று அலமேலு டீச்சரின் பீரோவில், ஒன்று மேற்கு மாம்பலத்தில் என் வீட்டில்.

"எல்லாத்தையும் கொண்டு வந்துடுங்கோ" என்றார் அலமேலு டீச்சர்.

"எங்காத்துல ஒண்ணு இருக்கு டீச்சர். அது அங்கேயே இருக்கட்டுமே?"

"அதுவும் நம்ம பள்ளிக்கூடத்து ஆயுதம்தானே? அது மட்டும் என்ன பாவம் பண்ணித்து?"

அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. பூஜையன்று காலை டிபன் கூடையில் வைத்துக் கொண்டுபோனேன்.

ஹாலில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாழைக்கன்று. கீழே புத்தகங்கள், தையல் வகுப்புக் கத்தரிகள், விஞ்ஞானக் கூடத்துத் தராசு, கரும்பலகை டஸ்டர், எல்லாவற்றுக்கும் நடுவில் வரிசையாகப் பிளாப்பிகள். காகித உறையோடு வைத்தால் சாமிக்கு முன் மூடி வைத்த மாதிரி இருக்கிறது என்று உறைகளை நீக்கியிருந்தார்கள். மும்தாஜ் ஒரு தாம்பாளம் நிறையச் செவ்வந்தி உதிர்த்துக் கொடுத்தாள்.

அலமேலு டீச்சர் ஒவ்வொன்றாக எடுத்துச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். சதுரத்தில் வேறெங்கும் வைக்கவில்லை. அந்த நீள்வட்டத் திறப்பைப் பார்த்தால் நெற்றி போல இருந்ததாம். அங்கே வைத்தார். அவர் மனசில் அவ்வளவு பிரியம். நான் அந்த நேரம் ஹாலின் மறுகோடியில் பெண்களுக்குச் சுண்டல் பங்கிட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மறுபூஜை முடிந்ததும், அவரே ஈரத்துணியால் ஒற்றி ஒற்றிச் சுத்தமாகத் துடைத்து, உறையில் போட்டு என் கையில் கொடுத்தார். ஒரு பொட்டுக் குங்குமம் வெளியில் தெரியவில்லை.

ஒரு சமயத்தில் ஒன்றை மாற்று

இனி அந்த அறைக்குத் திரும்பலாம்.

"டிஸ்க்கு கெட்டுச்சா, மிஷின் கெட்டுச்சா, தெரியலியே மிஸ்" என்றாள் மும்தாஜ். பிறகு அவளே சொன்னாள்: "ஒண்ண மட்டும் மாத்திப் பாக்கறேன்."

அது நான் நடத்திய பாடம்தான். கோளாறு வந்தால் குருட்டாம்போக்கில் எதையும் செய்யாதே, ஒரு சமயத்தில் ஒன்றை மாற்று, மாற்றியபின் என்ன ஆகிறது என்று பார். அவள் அதே பிளாப்பியை இரண்டாவது மிஷினில் போட்டாள். கர்ர். அப்படியானால் பிளாப்பிதான் கெட்டது. சரிபார்க்க, முதல் மிஷினில் இன்னொரு பிளாப்பியைப் போட்டாள். கர்ர். அப்படியானால் மிஷினும் கெட்டதா? மூன்றாவது மிஷின். நாலாவது. அறை ஜோடி, பீரோ ஜோடி, என் வீட்டு ஜோடி. நெற்றியில் வியர்வை வழிய, ஒன்றையும் தவறவிடாமல், முறையாகச் செய்தாள். எனக்குக் கவலைக்கு நடுவிலும் உள்ளூரப் பெருமையாக இருந்தது.

மத்தியானம் தி. நகர் சென்டருக்கு ஓடினேன். மழை பிடித்துக்கொண்டது. துரைசாமி சப்வேயில் முழங்கால் தண்ணீர் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். சென்டரில் புதிதாக ஒரு பிளாப்பி எழுதிக் கொடுத்தார்கள். அங்கே வேலை செய்த மெக்கானிக் குமாரையும் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தேன்.

குமார் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தார். பஞ்சு மஞ்சளாக வந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சந்தனமா மேடம்?"

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அலமேலு டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"டிஸ்க்க படிக்கிற ஹெட்டு எல்லாம் ஒட்டிக்கினு, கீறல் வுழுந்து கீது. குங்குமம் வேற. நாலுமே போச்சு" என்றார் குமார். "நல்ல டிஸ்க்க இதுல போட்டா அதையும் கீறிடும். புதுசு மாத்தணும், வர்றதுக்கு வாரம் ஆவும்." கையைத் துடைத்துக்கொண்டே, யாரையும் குத்திக் காட்டாமல், இன்னொன்றும் சொன்னார். "ஒரு மிஷின்ல போட்டுப் பாத்துட்டு வுட்டிருந்தா மீதி மூணு தப்பிச்சிருக்கும். யாரோ மாத்தி மாத்திப் போட்டுகீறாங்க."

மும்தாஜ் என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். குமாரை அனுப்பிவிட்டு நான் திரும்பிப் பார்த்தபோது அவள் உறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கம்ப்யூட்டர்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"நீ செஞ்சதுல தப்பே இல்லைம்மா. அப்படித்தான் பார்க்கணும். நான் சொல்லிக் குடுத்ததே அதுதான்" என்றேன்.

"கரெக்டா செஞ்சா கெட்டுப் போவுமா மிஸ்?"

மிச்சமிருந்த உறையை எடுத்து அவளோடு சேர்ந்து நானும் போட்டேன்.

சார், நீங்க வெளியே போங்க

மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் இளைஞர், எதையும் பேசாமல் குறித்துக்கொண்டே இருந்தார். இன்னொருவர் சஃபாரி உடையில் வயதானவர், கையில் சொட்டும் குடை. அலமேலு டீச்சர் நடந்ததை மறைக்காமல் சொன்னார். தவணை கேட்டார். வருஷத்துக்கு ஒரு தரம்தான் வருவோம் என்றார்கள்.

"கம்ப்யூட்டர் ஓடல, ஆனா பெண்களுக்கு எல்லாம் தெரியும் சார். நீங்களே பாருங்கோ" என்றார் டீச்சர்.

வகுப்பே கம்ப்யூட்டர் ஆனது. மும்தாஜ் வாசற்படியில் போய் நின்றாள். அட்டைகள் நகர்ந்தன. பெண்கள் ஒரு பிசகு இல்லாமல் செய்தார்கள். பெரியவருக்குச் சுவாரசியம் வந்துவிட்டது. தானும் ஓர் அட்டையை வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார்.

"உங்க நம்பர் பெட்டியைவிட பெருசா சார்?"

"இல்லைம்மா."

"அப்ப வெளிய போங்க சார்."

அவர் மறுபேச்சில்லாமல் குடையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். மொத்த வகுப்பும் சிரித்தது. அவரும் வெளியில் நின்று சிரித்தார். அந்த ஒரு நிமிஷம் எல்லாம் சரியாகிவிடும் என்றே நம்பினேன்.

உள்ளே வந்து மும்தாஜின் தலையில் கை வைத்தார். "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, மன்னிப்புக் கேட்கிற குரலில், "ஆனா மிஷின் ஓடணுமே டீச்சர். நான் என்னன்னு எழுதட்டும்?" என்றார்.

அவரை நான் நொந்துகொள்ளவில்லை. அன்றைக்கு யாரையாவது நொந்துகொள்ள முடிந்திருந்தால் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

கரீம் பாய் வந்தார்

அனுமதி வரவில்லை. அனுமதியே இல்லாதபோது மிஷினை எதற்குப் பழுது பார்ப்பது என்று பள்ளித் தாளாளர் கேட்டார். நாலு கம்ப்யூட்டர்களும் யூனிஃபார்மில் அப்படியே உட்கார்ந்திருந்தன.

கோடையில் பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. கணக்கில் பள்ளியிலேயே மும்தாஜ்தான் முதல். டி.சி. வாங்க கரீம் பாய் வந்தார். கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்து வந்திருந்தார்.

அடையாற்றில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் பிரிவு இருக்கிறது, நானே பேசுகிறேன், நானே அழைத்துப் போய்ச் சேர்க்கிறேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் முழுதும் கேட்டார்.

"பையனுங்களும் படிக்கிற ஸ்கூலு டீச்சர்மா. பஸ்ஸு ஏறிப் போவணும். எனக்கு ஒண்ணும் இல்ல, வூட்ல ஒத்துக்கணுமே. இங்கியே வெப்பாங்கன்னு சொல்லித்தான் இத்தினி நாளு வாய அடச்சினு இருந்தேன்." பிறகு, "பொண்ணு என்னாண்ட ஒரு வார்த்த பேசல. காலீல எய்ந்து காஜா எடுக்க ஒக்காந்துகிச்சு" என்றார். காஜா என்றால் பொத்தான் துளை. அந்தக் கை மடிப்புக் கலையாமல் செய்யும் என்று எனக்குத் தெரியும். அதை நினைத்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

போகும்போது அறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "ஒறை நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த சரஸ்வதி பூஜை

அடுத்த வருடமும் பூஜை வந்தது. அலமேலு டீச்சர் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார். ஓடாத மிஷின்களின் நீல உறைமேல், துணியில்தான், ஒவ்வொரு பொட்டாக வைத்தார். இந்தத் தடவை அவர் கை மிகவும் மெதுவாகப் போனது.

ஹாலில் பொரி கொடுத்துக்கொண்டிருந்தேன். மும்தாஜின் தங்கை நஸீமா, ஏழாவது படிப்பவள், வரிசையில் வந்து நின்றாள். பொரியை வாங்கிக்கொண்டும் நகரவில்லை.

"என்னடி?"

"அக்கா உங்கள ஒண்ணு கேட்டுகினு வரச் சொல்லிச்சு மிஸ்."

"என்ன கேட்டா?"

மனப்பாடம் செய்து வந்ததை மறக்காமல் ஒப்பித்தாள். "இந்த வருசமாவது ஒரு பிளாப்பிய பூஜைல வெக்காம தனியா வெச்சிகீறாங்களான்னு கேட்டுகினு வா, அப்டின்னிச்சு."

காஜா எடுக்கிற இடத்திலும் அவள் அந்தக் கோளாறை விட்டுவிடவில்லை. ஒரு வருடமாக மனசுக்குள்ளேயே ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்து, எங்கே பிசகியது என்று கண்டுபிடித்துவிட்டாள்: பொட்டு வைக்காத ஒரு பிளாப்பி இருந்திருந்தால் கோளாறு எதில் என்று அன்றே தெரிந்திருக்கும்.

"வெச்சிருக்கேன்னு சொல்லு" என்றேன். "எங்க வீட்டில பத்திரமா இருக்குன்னு சொல்லு."

நஸீமா சந்தோஷமாக ஓடினாள். நான் சொன்னது பொய் இல்லை. தி. நகரில் மழையில் நனைந்து வாங்கி வந்த அந்த ஒரு பிளாப்பி என் பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில் இருந்தது. போட்டுப் பார்க்கத்தான் மிஷின் இல்லை.